கஜானாப் பூட்டும் தொகுதிக் கோடும்: அமெரிக்க கன்சர்வேட்டிவ்கள் ஏன் தங்களுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள்?

2025 அக்டோபர் முதல் வாரம் சித்தி போன் செய்தார். அவர் மகள் அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். “என்னப்பா இது, அங்க கவர்மெண்டையே இழுத்து மூடிட்டாங்களாமே? அப்போ போலீஸ், கோர்ட்டு எல்லாம் என்ன ஆகும்?” என்றார்.

போலீஸ் இருக்கும் சித்தி, பயப்படாதீங்க என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் முடிந்தது. ஒவ்வொரு பதிலிலிருந்தும் ஒரு ‘ஏன்’ முளைத்துக்கொண்டே இருந்தது. அன்று சொல்லாமல் விட்ட மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். கன்சர்வேட்டிவ் என்பதை நம் பத்திரிகைகள் ‘பழமைவாதி’ என்று எழுதுகின்றன. அதைப் படித்ததும் பஞ்சாங்கமும் மடி ஆசாரமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லின் மையம் வேறு. வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் மத்திய அரசு சின்னதாக இருக்கட்டும், வரி குறைவாக இருக்கட்டும், முடிந்தவரை மாநிலங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும், அதிகாரம் எவர் கையிலும் மொத்தமாகக் குவியாதபடி நாலு பக்கமும் பிரேக் இருக்கட்டும் என்பதுதான் அது. மதம், குடும்பம், குடியேற்றம் பற்றிய நிலைப்பாடுகளும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரைக்குப் பிரேக் விஷயம் போதும். இவர்களுடைய கட்சி குடியரசுக் கட்சி, எதிரே நிற்பது ஜனநாயகக் கட்சி. வண்டியை எதிரி ஓட்டும்போது பிரேக்கைப் புகழ்வது சுலபம். நம்ம ஆள் ஓட்டும்போது? கன்சர்வேட்டிவ்களின் உள்சண்டை முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பூட்டு எப்படி விழுகிறது

சட்டமாக ஒதுக்கப்படாத ஒரு டாலரைக்கூடக் கருவூலத்திலிருந்து எடுக்கக்கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது அநேகமாக எந்த வருஷமும் நடப்பதில்லை. ‘இன்னும் கொஞ்ச நாளைக்குப் பழைய கணக்கிலேயே செலவு செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரு தற்காலிகத் தீர்மானம் போட்டு நாளைக் கடத்துவார்கள். அதையும் நிறைவேற்ற முடியாமல் போனால் ஷட்டவுன்.

இந்தியாவில் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். அதனால் இப்படி ஒரு நிலைமை வருவதற்கு வழியே இல்லை. அங்கே அதிபரை மக்கள் நான்கு வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அவர் போகமாட்டார். காங்கிரஸும், அதாவது அந்த இரு அவைகளும், கலையாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், மாதக்கணக்கில்கூட.

ஆச்சரியம் என்னவென்றால், 1980 வரை பணத்துக்கு அனுமதி தீர்ந்தாலும் அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. எப்படியும் பின்னாடி பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான். கார்ட்டர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, 1884-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒதுக்காத பணத்தை நம்பி வேலை நடத்துவது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னார். உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. ஒரு வக்கீல் சட்டத்தைக் கண்டிப்பாகப் படித்ததில், பின்னால் வந்த அரசியல்வாதிகள் எல்லோருக்கும் ஒரு ஆயுதம் கிடைத்தது.

பூட்டு விழுந்தால் மத்திய அரசு ஊழியர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ராணுவம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமான நிலையப் பாதுகாப்பு போன்றவர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டும். மற்றவர்கள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். சித்தி கேட்ட போலீஸ் நகராட்சியையோ, நம் மாவட்டம் மாதிரியான கவுண்டியையோ சேர்ந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா வேலைகூட பெரும்பாலும் கட்டணத்தில் நடப்பதால் நிற்காது. ஆனால் எச்-1பி விண்ணப்பத்துக்கு முன்னால் தொழிலாளர் துறையிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். அந்த ஜன்னல் 2025 அக்டோபரில் மூடிக் கிடந்தது. கம்பெனி மாற நினைத்த நம் பிள்ளைகள் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு: ஷட்டவுனால் பணம் மிச்சமாவதில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் பின்னால் சம்பள பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்று 2019-இல் சட்டமே வந்துவிட்டது. 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை நடந்த 35 நாள் ஷட்டவுனில் 300 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரம் நிரந்தரமாக இழந்தது என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது. அப்படியிருக்க, சிக்கனம் பேசும் கன்சர்வேட்டிவ்கள் ஏன் திரும்பத் திரும்ப இந்தக் கதவைத் தட்டினார்கள்?

கிங்ரிச் அழுத கதை

அவர்கள் தரப்பு வாதம் லேசானதல்ல. மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதம் கஜானாச் சாவிதான் என்று சாசனத்தை வடிவமைத்த ஜேம்ஸ் மேடிசனே எழுதியிருக்கிறார். அரசு ஒருமுறை பெருத்தால் தானாக இளைக்காது. ஒரு திட்டம் வந்துவிட்டால் போகாது. ‘நிறுத்து’ என்று சொல்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு வருகிறது, அந்த அன்றும் தலையாட்டிவிட்டுப் போனால் நாங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள்.

1995-இல் குடியரசுக் கட்சியின் சபாநாயகர் நியூட் கிங்ரிச் இப்படித்தான் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளிண்டனோடு மோதினார். முதலில் 5 நாள், அப்புறம் 21 நாள். வாதம் எல்லாம் பட்ஜெட் பற்றாக்குறையைப் பற்றித்தான். நடுவில் கிங்ரிச் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்கு அதிபரின் விமானத்தில் போய் வந்தபோது தன்னைப் பின்பக்கமாக உட்கார வைத்தார்கள், பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள், பேரத்தில் தான் விறைப்பாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை டயப்பர் கட்டிய அழுமூஞ்சிக் குழந்தையாக முதல் பக்கத்தில் படம் போட்டது. அத்தோடு பட்ஜெட் பற்றாக்குறையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கிளிண்டன் சுலபமாக மறுபடி ஜெயித்தார்.

2013-இல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸ் முறை. அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஒபாமாகேருக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று 16 நாள். அந்த முதல் நாள் வாஷிங்டனில் ஒரு காட்சி. இரண்டாம் உலகப்போர் நினைவிடம் என்பது திறந்தவெளி. கதவு கிடையாது, நீரூற்றும் தூண்களும்தான். அதைச் சுற்றித் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். மிசிசிப்பியிலிருந்து சக்கர நாற்காலிகளில் வந்திருந்த முதிய வீரர்கள் வெளியே நின்றார்கள். உடனிருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தடுப்பு விலகியது, கிழவர்கள் உள்ளே போனார்கள். கன்சர்வேட்டிவ்கள் இந்தப் படத்தை இன்னும் விடவில்லை. மூடுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தை மூட ஆளும் தடுப்பும் கொண்டுவர மட்டும் காசு இருந்ததா என்பது அவர்கள் கேள்வி. ஜனங்களுக்கு எங்கே வலிக்குமோ அங்கே பார்த்து மூடுவதற்கு அங்கே ‘வாஷிங்டன் நினைவுச்சின்ன உத்தி’ என்று பெயரே உண்டு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் அதே கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல், கழுதை இரண்டாவது தடவை உதைப்பதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று தன் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொல்லி முடித்துக்கொண்டார். முதல் உதை 1995. க்ரூஸ் ஆட்களோ, 2014-இல் செனட்டையே நாங்கள் பிடித்தோமே, என்ன குறைந்துவிட்டது என்று திருப்பிக் கேட்பார்கள். ஒபாமாகேர் மட்டும் அப்படியே இருந்தது.

43 நாள்: ஆளும் கட்சி நாற்காலியில்

2025-இல் பலகை அப்படியே திரும்பிவிட்டது. அதிபர், இரு அவைகள் எல்லாம் குடியரசுக் கட்சி வசம். ஆனால் செனட்டில் ஃபிலிபஸ்டர் என்று ஒரு மரபு இருக்கிறது. பெரும்பாலான மசோதாக்களை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே 100-இல் 60 பேர் வேண்டும். கட்சிக்கு இருந்தது 53. ஒபாமாகேர் காப்பீட்டுக்கான கூடுதல் மானியம் அந்த வருஷக் கடைசியில் முடிகிறது, அதை நீட்டினால்தான் ஓட்டு என்று ஜனநாயகக் கட்சி பிடித்துக்கொண்டது. “முதலில் நிபந்தனை இல்லாமல் கதவைத் திறப்போம், அப்புறம் பேசலாம்” என்று இந்தத் தடவை சொன்னவர்கள் குடியரசுக் கட்சியினர். 2013-இல் ஒபாமா சொன்ன அதே பேச்சு!

அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். அமெரிக்க வரலாற்றில் அதுவரை இல்லாத நீளம். சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு மானியம் நவம்பரில் தடைபட்டது. 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள்.

இந்த நேரத்தில் கன்சர்வேட்டிவ் முகாமில் மூன்று குரல் கேட்டது. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் இயக்குநர் ரஸ்ஸல் வோட், இதுவே அரசைச் சிறியதாக்க நல்ல நேரம் என்று சுமார் 4,000 பேருக்கு வேலைநீக்க நோட்டீஸ் அனுப்ப வழி செய்தார். நீதிமன்றம் தடுத்தது, கடைசி உடன்பாட்டில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம் செனட்டர் ராண்ட் பால். தற்காலிகத் தீர்மானம் என்பதே பழைய கடனை நீட்டிக்கிற வேலை என்று சொல்லி, சொந்தக் கட்சியின் மசோதாவுக்கே எதிராக ஓட்டுப் போட்டார். நவம்பர் 9 அன்று 60-40 என்று மசோதா நகர்ந்தபோதும் அவர் ‘இல்லை’தான். எதிர் அணியிலிருந்து எட்டுப் பேர் வந்ததால் கணக்கு நேரானது.

மூன்றாவதுதான் எனக்கு சுவாரஸ்யமானது. ஃபிலிபஸ்டரையே தூக்கி எறியுங்கள், 51 ஓட்டில் எல்லாம் முடியட்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகக் கேட்டார். செனட் தலைவர் ஜான் தூன் மறுத்துவிட்டார். நாளைக்கு மறுபக்கம் 51 பேரோடு வந்து உட்காரும். அன்றைக்கு அவர்கள் கொண்டுவரப்போகும் சட்டங்களைத் தடுக்க நம்மிடம் என்ன இருக்கும் என்பது அந்த அணியின் கணக்கு. 43 நாள் அடி வாங்கியும் பிரேக்கைக் கழற்றவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொன்ன கன்சர்வேட்டிவ்களும் உண்டு, இதுதான் கன்சர்வேட்டிவ் குணம் என்று சொன்னவர்களும் உண்டு.

பல்லி மாதிரி ஒரு தொகுதி

அடுத்தது தொகுதி மறுவரையறை. இந்தச் சொல் தமிழ்நாட்டில் இப்போது எல்லோர் வாயிலும் இருப்பதால் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். நம் பயம் எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட்டு என்பது. அமெரிக்காவில் 435 இடங்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி பிரிந்துகொண்டே இருக்கின்றன, அதில் சண்டை குறைவு. மாநிலத்துக்குள் கோடு எங்கே போகிறது என்பதில்தான் சண்டை. இங்கே கோடு போடுவது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே போடும். அதாவது ஆளுங்கட்சி.

1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி தன் கட்சிக்குச் சாதகமான ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தொகுதி நீண்டு வளைந்து சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணி மாதிரி இருந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, ‘ஜெர்ரிமேண்டர்’ என்று பேர் வைத்தது. மனிதர் பின்னால் நாட்டின் துணை அதிபர்கூட ஆனார். ஆனால் பேர் நிலைத்தது இந்தப் பல்லியால்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஊரில் 25 வீடு, வார்டுக்கு 5 வீடாக 5 வார்டு. 15 வீடு மஞ்சள் கட்சி, 10 வீடு பச்சைக் கட்சி. பச்சைக் கட்சி கையில் பென்சில் இருந்தால் மூன்று வார்டில் தன் வீடுகளை மூன்று மூன்றாக வைத்து, கூட இரண்டு மஞ்சள் வீட்டைச் சேர்க்கும். மிச்சம் 9 மஞ்சள், 1 பச்சை. அவற்றைக் கடைசி இரண்டு வார்டில் அடைத்துவிடும். முடிவு, சிறுபான்மைப் பச்சைக்கு 3 வார்டு, பெரும்பான்மை மஞ்சளுக்கு 2. எதிரியை ஒரு இடத்தில் குவித்து வீணாக்கு, மற்ற இடத்தில் உடைத்துச் சிதறடி. ரகசியம் இவ்வளவுதான்.

இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. பச்சை ஜெயித்த மூன்று வார்டும் மூன்றுக்கு இரண்டு. வார்டுக்கு ஒரே ஒரு வீட்டுக்காரர் மனசு மாறினால் மூன்றும் போச்சு. பேராசையோடு போட்ட கோடு, போட்டவனையே திருப்பி அடிக்கும்.

2024 தேர்தலில் பிரதிநிதிகள் சபை 220-215 என்று வந்தது. சில இடங்கள் மாறினால் சபையே கை மாறும். டிரம்ப் பத்து வருஷம் காத்திருக்க விரும்பவில்லை. டெக்சாஸில் இன்னும் 5 இடம் எடுக்கலாம் என்றார். அந்த மாநிலச் சட்டமன்றத்தில் 150-இல் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் நடத்த முடியும். 2025 ஆகஸ்ட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லினாய் போன்ற மாநிலங்களுக்குப் போய் இரண்டு வாரம் உட்கார்ந்துகொண்டார்கள். நமக்குத்தான் கூவத்தூர் தெரியுமே! என்ன, அங்கே ஓடுவது எண்ணிக்கையைக் குறைப்பதற்கு. கடைசியில் திரும்பி வந்தார்கள், வரைபடம் நிறைவேறியது. பதிலடியாக கலிபோர்னியா நவம்பர் 4 அன்று வாக்கெடுப்பு நடத்தி, சுயேச்சை ஆணையம் போட்ட கோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் பக்கம் 5 இடத்தைக் குறிவைத்த வரைபடத்தை ஏற்றது. மிசூரி, வட கரோலினா என்று தொற்று பரவியது.

குடியரசுக் கட்சியின் நியாயம் இது. நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களில் மொத்தம் 21 இடம். 2024-இல் அதில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கெல்லாம் எங்களுக்கு ஓட்டே இல்லையா? இல்லினாயில் 17-இல் 14 அவர்களிடம். நாங்கள் செய்தால் மட்டும் ஜனநாயகப் படுகொலையா? சட்டப்படியும் வழி திறந்திருக்கிறது. கட்சி ஆதாயத்துக்குக் கோடு போடுவது அநியாயமாகப் படலாம், ஆனால் அதைத் திருத்துவது மத்திய நீதிமன்றங்களின் வேலையில்லை என்று 2019-இல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 5-4 தீர்ப்பில் எழுதிவிட்டார். ஓட்டுக் கணக்கை அளக்க நீதிபதியிடம் முழக்கோல் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அசல் கன்சர்வேட்டிவ் தர்க்கம்தான். நியூ இங்கிலாந்தின் ஆறில் ஒன்றான மாசசூசெட்ஸ் உதாரணம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். அங்கே அந்தக் கட்சியின் ஓட்டு மாநிலம் முழுக்கச் சமமாகத் தூவிக் கிடக்கிறது. நேர்மையாகக் கோடு போட்டாலும் ஜெயிப்பது கஷ்டம்.

மறுப்பும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி எம்.பி. கெவின் கைலி, பத்து வருஷத்துக்கு நடுவில் கோடு மாற்றுவதையே நாடு முழுக்கத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தார். அவர் தொகுதிமேலேயே பென்சில் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இண்டியானாவுக்கு அப்படி ஒரு சுயநலமும் இல்லை. அங்கே 9 இடத்தில் 7 ஏற்கெனவே குடியரசுக் கட்சிக்கு. ஒன்பதையும் எடுங்கள் என்று டிரம்ப் நெருக்கினார், துணை அதிபர் வான்ஸ் நேரில் போய்ப் பேசினார். தயங்கிய மாநில செனட்டர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. யாரோ பொய்ப் புகார் கொடுத்து வீட்டு வாசலுக்குப் போலீஸை வரவழைக்கும் விளையாட்டும் நடந்தது. டிசம்பர் 11 அன்று மாநில செனட் 31-19 என்று வரைபடத்தைத் தோற்கடித்தது. அந்த 31-இல் 21 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். எங்கள் மாநிலத்துக் கோட்டை வாஷிங்டன் சொல்லி நாங்கள் மாற்றுவதா என்பதுதான் பலரின் மனக்குறை. மாநில உரிமையை நாற்பது வருஷமாகப் பேசிவந்தவர்கள், சொந்தக் கட்சி அதிபரிடமே அதைப் பேசிவிட்டார்கள்.

திருப்பூர் வரை

உலக அரசியலில் இந்தச் சண்டை இன்னும் பழையது. நேட்டோ ஒப்பந்தத்தையே 1949-இல் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ராபர்ட் டாஃப்ட், அன்றைய கன்சர்வேட்டிவ்களின் தலைமகன். ஊர்வம்பு வேண்டாம், ராணுவம் பெருத்தால் அரசும் பெருக்கும் என்பது அவர் வாதம். பனிப்போரில், குறிப்பாக ரீகன் காலத்தில், அந்தக் குரல் அமுங்கியது. 1992-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற பேட் புகேனன் அதை மறுபடி எழுப்பினார், டிரம்ப் அதைக் கொண்டு அதிபரே ஆனார். 2024 ஏப்ரலில் உக்ரைன் உதவி மசோதா வந்தபோது சபையில் குடியரசுக் கட்சி 101 ஆதரவு, 112 எதிர்ப்பு என்று நடுவில் பிளந்தது. 2025 ஜூனில் ஈரான்மீது குண்டு போட்டபோதும் அதே பிளவு.

நமக்கு நேராக வலித்தது இறக்குமதி வரி. 2025 ஆகஸ்ட்டில் இந்தியச் சரக்குகள்மீது 50 சதவீதம் என்றதும் திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன. இதுவும் கன்சர்வேட்டிவ்களைப் பிரித்த விஷயம்தான். உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்ற இதுதான் வழி என்றது ஒரு பக்கம். வரி என்றால் வரிதான், அதைப் போடும் அதிகாரம் சாசனப்படி காங்கிரஸுக்கு மட்டுமே என்றார் ராண்ட் பால். அந்த அக்டோபரில், கஜானா பூட்டிக் கிடந்த அதே நாட்களில், அவரும் மெக்கானலும் இன்னும் இருவரும் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து வரிக்கு எதிரான தீர்மானத்தைச் செனட்டில் நிறைவேற்றினார்கள். பிரதிநிதிகள் சபை அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவசரநிலைச் சட்டத்தை வைத்து அதிபர் இப்படி வரி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் விசாரணையில் நீதிபதி கோர்சச் கவலைப்பட்டது பின்னலாடைக்காக அல்ல. காங்கிரஸின் அதிகாரம் ஒரு தடவை அதிபரிடம் போனால் திரும்பி வரவே வராதே என்பதற்காக. 2026 பிப்ரவரியில் 6-3 என்று தீர்ப்பு வந்தது, போடக்கூடாது என்று. நீதிமன்றத்தின் ஆறு கன்சர்வேட்டிவ் நீதிபதிகளில் மூவர் அந்தப் பக்கம், மூவர் இந்தப் பக்கம். அதிபருக்கு எதிராக நின்ற மூவரில் கோர்சச், பேரட் இருவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் டிரம்ப்பேதான்.